பயணச் சோறு

ஒருவர் வெளிநாட்டுக்குப் புறப்படுகிற நாளில் கௌரியின் வீட்டில் ஒரு கலியாணத்துக்குக் காணுமளவு சமையல் நடக்கும். சாப்பிடத்தான் ஆள் இருக்காது. போகிறவருக்குச் சோறு தொண்டையால் இறங்காது. கூட்டிக்கொண்டு போக வந்தவர்களோ வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பார்கள். விமான நிலையத்துக்கு வான் வண்டி வெளிக்கிட்ட பிறகு நிறைந்த சட்டிகள் அடுப்பங்கரையில் அப்படியே இருக்கும். அவற்றுக்கு முன்னால் கௌரி தனியே நிற்பாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி. யாழ்ப்பாணத்தில் இருந்து பெட்டியோடு வந்து, விசாவுக்குக் காத்திருந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஏறிய உறவுகளுக்கெல்லாம் அதுதான் தங்குமடம். அண்ணன் போனான், அண்ணி போனாள், பெரியப்பாவின் பிள்ளைகள் போனார்கள், அந்தப் பிள்ளைகளின் மச்சான்மார் போனார்கள். கடைசியாக அம்மாவும் போனாள். அவள் போனது கனத்தை மயானத்துக்கு. கௌரி மட்டும் போகவில்லை. அவளுக்கு ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. காலி வீதியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் பிறப்புச் சான்றிதழ்களையும் கலியாணச் சான்றிதழ்களையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. பகல் முழுக்க வெளிநாடு போகிற சனத்தின் கடுதாசிகள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சனமே பாய் விரித்துப் படுத்திருக்கும்.

அலுவலகத்தில் அவளுடைய மத்தியானச் சாப்பாடு இரண்டு கிறீம் கிறக்கர் பிஸ்கற்றும் ஒரு பிளேன்ரீயும். பக்கத்து மேசைக்காரி பிறிஜெற் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வருபவள், வாயும் கையும் ஓயாதவள். "என்னா கௌரி, குருவிக்குப் பொறந்தீங்களா?" என்று தன் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்பாள். கௌரி சிரித்துவிட்டு இருப்பாள். கலியாண வீடுகளிலும் அப்படித்தான், நுனி விரலால் நாலு வாய். கௌரிக்குப் பசி வராது என்று சொந்தக்காரர் ஒரு பெருமை போலச் சொல்வார்கள். அவளுடைய சட்டைகளைத் தையல்காரி வருடா வருடம் பிரித்து அகட்டித் தருவதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

கௌரி சாப்பிட்டது வீட்டில். கதவைச் சாத்திவிட்டு, குசினியில் நின்றபடி, அகப்பையால். உப்போ புளிப்போ நாக்குக்குத் தெரிவதற்குள் அடுத்த வாய். இனி இடமில்லை என்று வயிறு நோகிற வரைக்கும். அதற்குப் பிறகு கடைச் சாப்பாட்டின் வெற்றுப் பார்சல் கடதாசிகளைப் பேப்பரில் சுற்றி, கைப்பைக்குள் வைத்து, காலி வீதிக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோவாள். மாடிவீட்டுத் தொட்டியில் போட்டால் காவலாளி பார்த்துவிடுவான்.

இது தொடங்கியது தம்பி பிரியந்தனோடு. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஏஜென்சிக்காரன் ஒருவன் கூட்டிப்போனான். அன்றைக்கு மிஞ்சின சோற்றையும் கறியையும் கெட்டுப்போகுமே என்று கௌரிதான் கீழ்மாடி ஸமீமா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரியந்தன் நைரோபியில் இருந்து ஒருமுறை தொலைபேசியில் கதைத்தான். பிறகு கதைக்கவில்லை. எந்த நாட்டில், எந்தக் கடலில் என்று இன்றுவரை தெரியாது. மாதங்கள் போன பிறகு ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டாள்: "அண்டைக்கு அவன்ர சோத்தை ஏன் வெளியில குடுத்தனி?"

ஒரேயொரு தடவைதான் கேட்டாள். அதற்குப் பிறகு அது வீட்டின் சட்டமாகிவிட்டது. போனவர் கால் தரையில் படுமட்டும் சாமி விளக்கு அணையக்கூடாது, வீட்டைக் கூட்டக்கூடாது, கதவைப் பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே போகக்கூடாது என்பவை ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளவைதான். சமைத்த சோறு வாசல் தாண்டக்கூடாது என்பது இந்த வீட்டுக்கு மட்டும் உரியது. அடுத்ததாக அண்ணன் போனபோது, விளக்கு அணையாமல் பார்க்கவென்று வீட்டில் நின்ற கௌரி, சட்டியில் ஒரு பருக்கை மிச்சம் விடாமல் தானே சாப்பிட்டாள். அண்ணன் பாரிஸில் பத்திரமாக இறங்கினான்.

அப்படியே பழகிவிட்டது. போகப்போகப் பயணம் இல்லாத நாட்களுக்கும் அந்தப் பழக்கம் பரவியது. யாராவது தொலைபேசியில் சிரித்துக் கதைத்துவிட்டு வைத்த பிறகு, மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், அம்மா செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து எல்லாரும் போன அன்று, அவள் குசினிக்குள் போய் நின்றாள். சீனி வருத்தம் வந்தது. டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். பகலில் குறைத்தாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஆரணி படிக்க வந்தாள். கௌரியின் அக்கா சிவமணியின் மகள். அக்கா யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில், பாரிசவாதம் வந்த கணவனோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லையென்று ஆரணி நேரத்தோடு திரும்பினாள். கௌரி கொத்துரொட்டிப் பார்சலை விரித்து வைத்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி பட்டர் கேக். வாய் நிறைந்திருந்ததால் ஒரு பொய்கூடச் சொல்ல முடியவில்லை.

ஆரணி புத்தகப் பையை இறக்கினாள். "எனக்கும் பசிக்குது சின்னம்மா," என்று இரண்டு சோற்றுக் கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்தாள். "வந்து இருங்கோவன். நீங்கள் நிண்டா நானுமெல்லோ நிக்க வேணும்."

அவ்வளவுதான். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு மேசையில், இரண்டு கோப்பையில். ஆரணி மெதுவாகச் சாப்பிடுகிற பிள்ளை. ஒவ்வொரு வாய்க்கும் இடையில் ஒரு கதை சொல்வாள், அதைக் கேட்கவென்றே கௌரியின் கை நிற்கும். அவள் லீவுக்கு ஊருக்குப் போன நாட்களில் கௌரி பழையபடி குசினியில் நின்றாள் என்பதும் உண்மை. திரும்பி வந்ததும் பிரிட்ஜைத் திறந்து பார்த்தாலே ஆரணிக்கு விளங்கிவிடும். ஒருநாள் கேட்டாள், எப்போதிருந்து என்று. கௌரி பிரியந்தனைப் பற்றிச் சொன்னாள்.

"மாமா துலைஞ்சது சோத்தாலயோ சின்னம்மா?"

"இல்லையெண்டு தெரியும்."

"பிறகென்ன?"

"தெரிஞ்சு என்ன? அம்மா என்னட்டை அப்பிடிக் கேட்டவ."

"அம்மம்மா அழுகையில ஏதோ கேட்டிருப்பா."

"அழேல்லை. அழுதிருந்தா நான் மறந்திருப்பன்."

இப்போது ஆரணியின் முறை. ரொரன்ரோவில் இருக்கும் மிதுஷனோடு பதிவுத் திருமணம் முடிந்து, விசாவும் வந்துவிட்டது. ஊரில் தாய் தகப்பனிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேர விமானம். மிதுஷனின் மாமா நாகேந்திரம் வானோடு வந்து நின்றார்.

கௌரி விடியவே அடுப்பை மூட்டிவிட்டாள். இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கைக்காய்க் குழம்பு, சொதி, அப்பளம், சவ்வரிசிப் பாயசம். "தங்கச்சி, இதுகளை சூட்கேசுக்கை அடைச்சா மிதுஷன் ஒரு கிழமைக்கு அடுப்புப் பக்கம் போகத் தேவையில்லை," என்று நாகேந்திரம் பகிடி விட்டார். ஆனால் கை நனைக்கவில்லை. பாயசத்தை மட்டும் நின்றபடி குடித்தார். ஆரணி மேசையில் இருந்தாள், இரண்டு வாய் சாப்பிட்டாள், மூன்றாவது வாயைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

பெட்டிகள் இறங்கின. வாசலில் காலில் விழுந்து எழும்பியவள் காதுக்குள் சொன்னாள்: "நான் போனாப்போல எல்லாத்தையும் சாப்பிட்டு முடிக்க வேண்டாம் சின்னம்மா. பிளேன் விழாது."

"வாயை மூடு! பயணம் வெளிக்கிடுற நேரத்தில கதைக்கிற கதையைப் பார்."

அழுகை வர வேண்டிய இடத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. வான் காலி வீதிப் பக்கம் திரும்பியது.

கௌரி மேலே வந்தாள். ஆரணியின் அறை நிலத்தில் ஒரு தலைக் கிளிப்பும், பெட்டியில் ஒட்டிய ஒட்டுநாடாத் துண்டுகளும் கிடந்தன. கூட்டக்கூடாது. கடற்கரையோரம் ஓடும் ரயிலின் சத்தம் அடங்கியதும், வீட்டில் பிரிட்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஆரணியின் கோப்பையில் இருந்த சோற்றைச் சாப்பிட்டாள். வீணாக்கக்கூடாது என்று. பிறகு இறால் சட்டியின் மூடியைத் தூக்கினாள். அகப்பை கையில் வந்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. கத்தரிக்காய், சோறு, மறுபடி இறால். காரத்தில் கண்ணீர் வந்ததா, வேறு எதனால் வந்ததா என்று நின்று பார்க்க அந்த வேகம் விடவில்லை. பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றாமல் பாத்திரத்தோடு தூக்கியபோதுதான் போன் சத்தம் போட்டது.

ஆரணி வானில் இருந்து அனுப்பியிருந்தாள். "சாப்பிட்டாச்சோ? யாரோட?"

கௌரி ஒற்றை விரலால் "தனிய" என்று தட்டினாள். அனுப்பவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அழித்தாள். சோறு இன்னும் அரைவாசிக்கு மேல் இருந்தது. ஸமீமா வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கால் வாசல் வரைக்கும் போனது. நிலைப்படியைத் தாண்ட மறுத்தது. நாளைக்கு மத்தியானம்தான் அவள் இறங்குவாள். அதுவரைக்கும் வானத்தில் அல்லவா இருக்கப்போகிறாள். என்ன படித்து என்ன, ஆங்கிலத்தில் எத்தனை சான்றிதழ் அடித்து என்ன, வயிற்றுக்குள் இருக்கிற பயம் அதையெல்லாம் வாசிக்காது.

நிலைப்படியில் நின்றபடிதான் அது தோன்றியது. சோறு வெளியே போகக்கூடாது என்றுதான் அம்மாவின் சட்டம். ஆள் உள்ளே வரக்கூடாது என்று அம்மா சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் அவள் யாரையும் கூப்பிடாதது அம்மாவின் சட்டத்தால் அல்ல. தான் சாப்பிடுவதை ஒருவரும் பார்க்கக்கூடாது என்று அவளே போட்டுக்கொண்ட சட்டத்தால்.

பிறிஜெற்றின் இலக்கத்தை எடுத்தாள். இரண்டுதரம் அழைப்பை வெட்டிவிட்டு மூன்றாம் தரம் மணி அடிக்க விட்டாள்.

"பிறிஜெற் அக்கா, சாப்பிட்டிட்டீங்களோ?"

"எங்க? காலைல பூசைக்குப் போயிட்டு வந்து படுத்துட்டன். ரெண்டு துண்டு பாணும் பருப்பும் இருக்கு, சூடாக்கணும். ஏன், புள்ள போயிட்டாளா?"

"ஓம். இஞ்ச வாங்கோவன். சோறு கிடக்கு."

"நீங்க சாப்புடுவீங்களா?"

"சாப்பிடுவன்."

"நெசமாவா? அதப் பாக்கவாச்சும் வரணும். திரீவீல்ல வாரன். பஸ்ஸுல வந்தா உங்க சோறு ஊசிப்போயிரும்."

கொட்டாஞ்சேனையில் இருந்து வர நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் பொல்லாதது. கௌரி சட்டிகளை மூடினாள், மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய் நிற்கவும் முடியாது. ஆகவே கதவை விரியத் திறந்து வைத்து, வெளியே படிக்கட்டில் போய் இருந்தாள். அங்கிருந்து விளக்குத் தெரிந்தது, குசினி தெரியவில்லை.

பிறிஜெற் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள். "என்னா, லிப்ட் பழுதா?"

"லிப்ட் எண்டு ஒண்டு இல்லையக்கா."

"கர்த்தரே! மொதல்லயே சொல்லியிருந்தா பாணோட இருந்திருப்பனே."

மேசையில் இரண்டு கோப்பை. ஆரணியின் கதிரையில் பிறிஜெற் இருந்தாள். கௌரிக்கு வயிற்றில் இடம் அதிகம் இல்லை. ஆனாலும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். முதல் வாயைத் தூக்காமல் விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறிஜெற் பார்த்தாள், பிறகு இறாலைப் பார்த்தாள், "சோக்கா இருக்கு," என்று சாப்பிடத் தொடங்கினாள்.

"நான் முதலே சாப்பிட்டிட்டனக்கா," என்றாள் கௌரி, கோப்பையைப் பார்த்தபடி. "குசினியில நிண்டு. ரெண்டு பேற்றை சாப்பாடு. இண்டைக்கு மட்டுமில்லை."

பிறிஜெற் முருங்கைக்காயைச் சப்பி முடித்துத் தும்பை ஓரத்தில் வைத்தாள். "எங்க மக செலீன் இத்தாலிக்குப் போன வருஷம் நான் சாப்புடவே இல்ல. பாவாடை இடுப்புல நிக்காது, ஊக்கு குத்திக்கிட்டு ஒபிசுக்கு வருவன். நீங்க அதக் கவனிக்கல்ல தானே?"

"இல்லை," என்றாள் கௌரி.

"நானும் உங்க சட்டையக் கவனிக்காத மாதிரிதான் இருந்தன். அந்தச் சொதியக் கொஞ்சம் தள்ளுங்க."

அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. முதலாளியைப் பற்றிக் கதைத்தார்கள், திரீவீல்காரன் சுற்றிக்கொண்டு வந்ததைப் பற்றிக் கதைத்தார்கள். போகும்போது பிறிஜெற் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள்: "அந்தக் கத்தரிக்காயில கொஞ்சம் கட்டித் தாங்களன், ராவுக்குப் பாணோட சாப்புட."

கௌரிக்கு முகம் வெளிறியது. "பிள்ளை இறங்குமட்டும் சோறு கறி வாசலைத் தாண்டப்படாதக்கா. எங்கட வீட்டில அப்பிடி."

பகிடி பண்ணப்போகிறாள் என்று காத்து நின்றாள். பிறிஜெற் அப்படிச் செய்யவில்லை. செலீன் போன அன்று கொச்சிக்கடைக் கோவிலில் அந்தோனியாருக்கு ஏற்றிய மெழுகுதிரி அணையுமட்டும் பக்கத்திலேயே நின்றவள் அவள். "அப்ப நாளைக்கு ஒபிஸ் முடிய இங்கதான் வரணும். அந்தப் படியெல்லாம் திரும்ப ஏறணும்."

"ஓம். வாங்கோ."

அவள் இறங்கிப்போன சத்தம் அடங்கியதும் வீடு பழையபடி பெரிதாகிவிட்டது. கௌரி ஆரணிக்குப் பதில் அனுப்பினாள்: "பிறிஜெற் அக்காவோட." படிக்கப்பட்ட அடையாளம் வரவில்லை, இந்நேரம் விமானத்துக்குள் ஏறியிருப்பாள். விளக்குக்கு எண்ணெய் விட்டாள். கறிகளைச் சிறிய பாத்திரங்களுக்கு மாற்றிப் பிரிட்ஜுக்குள் வைத்தாள்.

பொழுது பட்டதும் கால் தன்பாட்டில் குசினிக்குள் போனது. பிரிட்ஜைத் திறந்து, ஒரு துண்டு கத்தரிக்காயை விரலால் எடுத்து வாயில் போட்டாள். குளிர்ந்து, எண்ணெய் கட்டியிருந்தது. இன்னொன்று. மூன்றாவதை எடுக்கும்போது பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். பிறிஜெற் கத்தரிக்காய் என்றால் விடமாட்டாள். நாளைக்கு இரண்டு பேருக்கு இது மட்டுமட்டாகத்தான் காணும்.

எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது, அதைச் சாப்பிட்டாள். மூடியை அழுத்தி மூடி, பாத்திரத்தைப் பின்தட்டுக்குத் தள்ளிவிட்டு, விரலைக் கழுவினாள். பிறகு மேசையில் போய், தன் கதிரையில், ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாள். அப்படி இருப்பது லேசாக இல்லை. கடல் இரைந்துகொண்டிருந்தது.