வாத்தியார் வீட்டுச் சுவரில் ஒரு காலி இடம்

போட்டோ பிடிக்கிற தொழிலுக்கு வந்தவன் முதலில் தெரிந்துகொள்வது, கேமராவுக்கு முன்னால் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பயந்துகொண்டுதான் நிற்கிறார்கள் என்பது. மீதிப் பேர் பயத்தை மறைக்க மீசையை முறுக்குவார்கள். குரூப் போட்டோவில் கண்ணை மூடிவிட்டு, ஆயுசு முழுக்க அந்தக் கோலத்திலேயே சுவரில் தொங்குகிற புண்ணியவான்களே, நீங்களும் என் கட்சிதான். வெள்ளைக்காரன் ஆட்சியில், பூந்தமல்லி கடைத்தெருவில் நான் தகரக் கூரை போட்ட ஸ்டூடியோ வைத்திருந்த காலத்துக் கதை இது.

சுவரில் இல்லாதவன்

அம்பத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வருஷா வருஷம் குரூப் எடுக்கப் போவேன். கேமராப் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாக மிதித்தால், போய்ச் சேருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அங்கே ஹெட்மாஸ்டராக இருந்தவர் என் பழைய வாத்தியார். பூந்தமல்லியில் சின்ன வாத்தியாராக இருந்தபோது, மூன்றாம் வகுப்பில் என்னைப் பெஞ்சியிலிருந்து எழுப்பி, "போய் மாடு மேய்" என்று அனுப்பினவர். நான் அதை மறக்கவில்லை. இப்போதும் மறக்கவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். படிப்பு முடித்துப் போகிற ஒவ்வொரு வகுப்பின் படத்தையும் பிரேம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொள்வார். வீட்டுக்கு யார் வந்தாலும், சாமி படம் காட்டுகிற மாதிரி, இவன் இன்னார் பிள்ளை, இந்த ஊர், இப்போது இன்ன வேலை என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்வார். ஒருமுறை ஆணி அடித்துக்கொண்டே, "சார், இதில் நான் எங்கே சார்?" என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ எங்கடா ஒரு இடத்துல நின்னே, படம் புடிக்க?"

தோளில் ஒரு கை

ஒரு வருஷத்துக் குரூப்பில், பின்வரிசையில் இரண்டு சிநேகிதர்கள் நின்றார்கள். ஒருவன் கன்னியப்பன், அயனம்பாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். பக்கத்தில் நின்றவன் அவன் தோளில் கையைப் போட்டிருந்தான். "கையை எடுப்பா" என்றேன். எடுப்பது போல எடுத்து, நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் மறுபடியும் போட்டுவிட்டான். அந்தக் கோடையில் கை போட்டவன் வாந்திபேதியில் போய்விட்டான். செத்தவன் நிற்கிற படம் என்று, அந்த வகுப்பில் யாருமே பிரதி வாங்கவில்லை. ஹெட்மாஸ்டர் மட்டும் வாங்கி மாட்டினார்.

கன்னியப்பனின் அம்மா முனியம்மா முதலில் அவரிடம் போய், அந்தப் படத்தைக் கழற்றச் சொன்னாள். "என் பிள்ளைங்க செத்தாலும் என் பிள்ளைங்கதான்" என்று அனுப்பிவிட்டார். உச்சி வெயிலில் நடந்து என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அந்தப் புள்ள இன்னும் என் புள்ள தோள்ல கை வெச்சுகினு கீது. அத்த விடச் சொல்லு நைனா."

வெள்ளை மை

சிரிக்கத் தோன்றவில்லை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த தடவை வாத்தியார் வீட்டில் பிரேமுக்குக் கயிறு மாற்றுகிற சாக்கில் அந்தப் படத்தை வெளியே எடுத்து, வெள்ளை மையைத் தொட்டு, அந்தக் கையைச் சட்டையோடு சட்டையாக மறைத்தேன். என் வேலையில் நல்ல வேலை என்று அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த மனுஷருக்குக் கழுகுக் கண். மறுநாளே ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டு, பையன்கள் எல்லாரும் பார்க்க வராந்தாவில் நிற்க வைத்தார். "செத்தவன் கையைக்கூட நீ விட்டு வைக்க மாட்டியாடா?"

வாத்தியார் வந்தார்

பிறகு யுத்தம் வந்தது, அதன் நடுவில் ஆகஸ்ட் கலவரமும் வந்தது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ரயில் பாதையோரம் தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். பிடிபட்ட ஒருவன் அடி தாங்காமல் கன்னியப்பன் பேரைச் சொன்னான். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோது அந்தப் பிடிபட்டவனால் சோற்றைப் பிசைய முடியவில்லை, விரல்கள் அப்படி. கன்னியப்பன் வீட்டிலிருந்து மறைந்துவிட்டான். போலீசுக்குப் பேர் தெரியும், முகம் தெரியாது. அவன் முகம் இருந்த இடம் உலகத்தில் இரண்டுதான்: வாத்தியார் வீட்டுச் சுவர், என் அலமாரியில் நெகட்டிவாக இருந்த கண்ணாடி பிளேட்டு.

ஒருநாள் காலையில் வாத்தியாரே ஜட்கா வண்டி பிடித்து என் கடைக்கு வந்தார்.

"படத்தை அடுப்புல போட்டுட்டேன். ஆனா அது மாட்டியிருந்த எடம் மட்டும் சுவத்துல பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. நேத்து இன்ஸ்பெக்டர் அதையே பார்த்துக்கிட்டு நின்னான். கரையான் அரிச்சிட்டுதுன்னேன். மத்த படத்துல இருந்த உன் கடை முத்திரையைப் படிச்சிட்டுப் போயிட்டான்."

வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் கேட்டார்: "அந்தப் பிளேட்டு உன்கிட்ட இருக்கா?"

"குரூப் பிளேட்டை மட்டும் வருஷவாரியா அடுக்கி வெச்சிருக்கேன் சார்" என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டார். "மூணாம் கிளாஸ்ல வராத ஒழுங்கு இப்ப எதுக்குடா வந்தது உனக்கு?"

தலைப்பிடி

அவர் போனதும் அந்தப் பிளேட்டை எடுத்துக்கொண்டுபோய் இருட்டறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். உடைத்துப் போட்டால் போலீஸ் கையில் துண்டு கிடைக்கும். வெந்நீரில் சலவைச் சோடாவைப் போட்டு ஊறவைத்தால், படம் ஒட்டியிருக்கிற சவ்வு வழுக்கிக்கொண்டு வந்துவிடும், மிஞ்சுவது வெறும் கண்ணாடி. யுத்தத்தில் கண்ணாடி கிடைக்காமல், பிரேம் போடுவதற்காக நாங்கள் எல்லாரும் பழைய பிளேட்டுகளை அப்படித்தான் கழுவினோம். தண்ணீர் சூடேறுவதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். ஒரு கான்ஸ்டபிள். "ஐயா வந்துகினு கீறாரு. எதையும் தொடாதே" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்கள் மேல் போயிற்று. கை மீசைக்குப் போயிற்று.

"ஐயா வரதுக்குள்ள உங்களை ஒண்ணு எடுத்துடட்டுமா?" என்றேன். நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் தலைப்பிடியைக் கொண்டுவந்து கழுத்தில் பொருத்தினேன். தலை ஆடாமல் இருக்க நாங்கள் வைக்கிற இரும்புக் கவை அது. "திருப்பினா படம் கெட்டுடும், ஆடாதீங்க. பிளேட்டு எடுத்துட்டு வரேன்" என்று இருட்டறைக்குள் போனேன். வெந்நீரில் விரல் வெந்தது தெரியவில்லை. முதலில் அந்தக் கை கரைந்தது, பிறகு தோள், பிறகு கன்னியப்பனின் முகம். வெளியே அந்த மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டே கத்தினார்: "யோவ், இன்னாய்யா வேவுது உள்ளே? எத்தினி நேரம்யா மூச்சப் புடிச்சுகினு கீறது?"

ஈரம்

கழுவின பிளேட்டை மற்றக் கண்ணாடிகளோடு வைக்கவும் இன்ஸ்பெக்டர் வரவும் சரியாக இருந்தது. அவர் நேராக அலமாரிக்குத்தான் போனார். அந்த வருஷத்துக் குரூப் எங்கே என்றார். அந்தப் பிளேட்டையும் பிரேமுக்காகக் கழுவிவிட்டேன் என்று, மூலையில் இருந்த கண்ணாடிக் குவியலைக் காட்டினேன். அது பொய்யில்லை, அந்தக் குவியலும் அப்படி வந்ததுதான். மேலே இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எடுத்த விரலைப் பார்த்தார். "ஈரமா இருக்கே?"

என் உயிர் அந்த விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் கவையோடு நாற்காலியில் இருந்த கான்ஸ்டபிள் எழுந்திருக்கவும் முடியாமல், சல்யூட் அடிக்கவும் தெரியாமல் குழறினார்: "ஐயா, அது என் படத்துக்கு பிரேம் போடக் கழுவிகினு இருந்தான் ஐயா." இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தார். "உன் மூஞ்சிக்கு பிரேம் ஒண்ணுதான் குறைச்சல்."

அந்தக் கண்ணாடியையே போட்டு கான்ஸ்டபிள் படத்துக்கு பிரேம் செய்து கொடுத்தேன். வாத்தியாரிடம் செய்தி சொல்லப் போனேன். வெள்ளையாக இருந்த இடத்தில் அவர் ஒரு காலண்டரை மாட்டியிருந்தார். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. "கழுவினியா, சுத்தமாக் கழுவினியா?" அவ்வளவுதான். அதையும் நான் மறக்கவில்லை.

முனியம்மா மறுபடி வந்தாள்

கன்னியப்பன் பம்பாய்ப் பக்கம் இருப்பதாகச் சிலரும், உயிரோடவே இல்லை என்று சிலரும் சொன்னார்கள். வருஷம் திரும்பியும் வரவில்லை. ஒருநாள் முனியம்மா கடை வாசலில் வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"என் புள்ள படம் ஒண்ணு குடு நைனா. மூஞ்சி மறந்துடும்போல கீது."

"இல்லைம்மா. கழுவிட்டேன்."

"பழசு எதுனா? ஒடைஞ்சதுகூட இல்லியா?"

"ஒண்ணுமே இல்லை."

"ஆத்தா மேல சத்தியமா?"

சத்தியம் செய்தேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா, வியர்வையா, எனக்குத் தெரியவில்லை. "சரி, இனிமே தூங்குவேன். இன்னும் வெச்சிருக்கியான்னு பாக்கத்தான் கேட்டேன்."

வாத்தியார்கள் தங்கள் பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், ஆனால் படம் பிடித்தவன் வீட்டு அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆணி அடிக்கட்டும் என்பேன்.