இறந்தோர் ஏட்டில் விக்மண்ட்

விக்மண்டின் பெயரை ஏட்டில் ஏற்றச் சொன்ன பாவி நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நார்த்தம்பிரியா ராஜ்யத்தில் பிள்ளைக்குப் பெயரை ஒட்டுப்போட்டுத்தான் வைப்போம். அவனுக்கு அப்பன் விக்ஸ்டானிடமிருந்து முன்பாதி, தாய்வழித் தாத்தா ஆல்மண்டிடமிருந்து பின்பாதி. அந்த இருவரும் வடக்கு எல்லைக்கு அப்பாலிருக்கும் பிக்டு இனத்தாரோடு நடந்த சண்டையில் போய்ச் சேர்ந்தார்கள். அவன் அம்மா கினிபருக்கு மிஞ்சியது இந்த ஒரே மகன். அவனும் சண்டைக்குப் போனான். நான்கு வருடம் தகவலே இல்லை.

கினிபர் என் பக்கத்து வீட்டுக்காரி. நான் பார்லி பியர் காய்ச்சுகிறவள். வாய் சும்மா இருக்காது. "இன்னும் எத்தனை நாள்டி வழியையே பாத்துக்கிட்டிருப்ப? மடத்து ஏட்டுல எழுதச் சொல்லு. செத்தவங்க பேரோட பூசையில வாசிச்சாதான் அவன் ஆத்மா கரையேறும்," என்றேன். அழுதுகொண்டே போய் எழுதச் சொன்னாள்.

அடுத்த அறுவடைக்கு விக்மண்ட் உயிரோடு வந்து நின்றான். அடிமையாகக் கிடந்து தப்பி வந்தவன். ஒரு காது பாதிதான் இருந்தது.

ஊர் அவனைத் தொட்டுப் பார்த்தது, ரொட்டி கொடுத்தது. பெயர் சொல்லி மட்டும் யாரும் கூப்பிடவில்லை. செத்தவர் வரிசையில் வாசிக்கிற பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டால் எது வந்து நிற்குமோ என்று பயம். 'ஏய்', 'கினிபர் மகனே', அவ்வளவுதான். நானும் அப்படித்தான், வெட்கம்கெட்டவள்.

மடத்துத் துறவி தோல் ஏட்டைக் கத்தியால் சுரண்டிப் பெயரை எடுத்துவிடத் தயாராக இருந்தார். கினிபர் விடவில்லை.

"இங்க சுரண்டினா பரலோகத்து ஏட்டுலயும் சுரண்டிடுவாங்கடா. நான் இருக்கிற வரைக்கும் வேணாம்."

"மேல இருக்கட்டும்மா. கீழ என்னை ஒருத்தராவது பேர் சொல்லிக் கூப்பிட வேணாமா?"

"அதான் நான் கூப்பிடறேன்ல?"

அவள் ஒருத்திதான் கூப்பிட்டாள். தினமும் வாசலில் நின்று தெருவே கேட்கக் கூப்பிடுவாள். பதினொரு வருடம்.

போன தவக்காலத்தில் அவளும் போய்விட்டாள். மகன் பெயருக்கு அடியிலேயே அவள் பெயரை எழுதினார்கள். இனி சுரண்டிவிடலாம் என்று துறவி கத்தியை எடுத்தபோது விக்மண்ட் தடுத்துவிட்டான். "இருக்கட்டும் சாமி. அவ தனியா இருப்பா."

அதை நானும் கேட்டேன். மறுநாள் காலை அவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகையில் வேலியோரம் நின்று, பயத்தை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டேன்.

"விக்மண்ட்."

அவன் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி, காலியாகக் கிடந்த அவன் அம்மாவின் வாசலைப் பார்த்தான்.