பொம்மையின் வலது மணிக்கட்டு

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். இது எனக்கு நடந்தது. அதுவும், எதையும் லேசில் நம்பாத எனக்கு!

நான் நர்சிங் கல்லூரி ஆசிரியை. மாணவிகளை வார்டுக்கு அனுப்பும் முன் செய்முறைத் தேர்வு வைப்பவள். முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் 'கழுகு'. எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

தேர்வில் நான் வைக்கும் பொறி ஒன்று உண்டு. கட்டிலில் படுத்திருப்பது ரப்பர் பொம்மை. அதற்கு நாடி கிடையாது. "நாடி பார்" என்பேன். "தெரியலை மேடம்" என்றால் பாஸ். பயந்துபோய் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னால் ஃபெயில். பொம்மையிடம் புளுகுகிறவள் நாளை நோயாளி விஷயத்திலும் புளுகுவாள் இல்லையா?

அன்று கடைசியாக வந்தவள் எப்போதும் கை நடுங்கும் பெண். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இதிலும் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தப் பொறி அவளுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

மாலை 5.20. பொம்மையின் இடது கைப்பக்கம் போனவள் சட்டென்று விலகினாள். சுற்றி வந்து வலது மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன் அந்தப் பக்கம்?"

"இடது கையில மாவுக்கட்டு இருக்கே, மேடம்."

போர்வையை விலக்கிப் பார்த்தேன். வெறும் ரப்பர் கை. இவள் என்ன விளையாடுகிறாள்?

பெருவிரலால் பிடித்தால் நம் நாடியே நமக்குத் துடிக்கும். அந்தத் தவறோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை. மூன்று விரல்கள். சரியான இடம். முதல்முறையாக அவள் கை நடுங்கவில்லை.

"நூத்தி இருபது, மேடம். நடுநடுவுல தவறுது. கை ஜில்லுன்னு இருக்கு... யாரையாவது கூப்பிடுங்க!"

"நாடகம் போதும். ஃபெயில்."

அழுதுவிட்டாள். "நீங்களே தொட்டுப் பாருங்க மேடம்..."

எனக்கே சோதனையா? கதவைக் காட்டினேன். போய்விட்டாள்.

விளக்கை அணைக்கப் போனேன். மனம் கேட்கவில்லை. யாராவது பொம்மைக்குள் எதையாவது வைத்து விளையாடுகிறார்களோ? கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். வயர் இல்லை. மின்விசிறியையும் நிறுத்தினேன்.

வலது மணிக்கட்டில் விரல் வைத்தேன்.

ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்...

டக்.

டக்... டக்.

ரப்பர் ஈரமாக இருந்தது. ஜில்லென்று.

இன்னொரு கையால் அதன் இடது கையைத் தொட்டேன். சொரசொரப்பு. கல் மாதிரி இறுக்கம்.

டக்.........

நின்றுவிட்டது.

5.40.

ஓடினேன். சொல்ல வெட்கமில்லை.

மறுநாள் காலை கேண்டீனில் என் பழைய தோழியைப் பார்த்தேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். முகம் வாடியிருந்தது.

"நேத்து ஒரு பேஷன்ட் போயிட்டாங்கடி. வழுக்கி விழுந்து அட்மிட் ஆன அம்மா. உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு, யாருக்கும் தெரியலை."

"நாடி பார்க்கலையா?"

"போன வருஷம் நீ முதல் மார்க் போட்டியே, அவதான் டூட்டி. எழுபத்தெட்டு, நார்மல்னு சொன்னா. கையைத் தொடவே இல்லையாம். இப்பதான் அழுதுக்கிட்டே ஒத்துக்கிட்டா."

"எப்ப போனாங்க?"

"அஞ்சு நாற்பது."

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"மாவுக்கட்டு... இடது கையிலயா?"

தோழி டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஆமா. உனக்கு யாரு சொன்னா?"

அந்தப் பெண்ணை அன்றே பாஸ் போட்டு வார்டுக்கு அனுப்பினேன். காரணம் சொல்லவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

"மேடம்... அந்த அம்மா 'யாரையாவது கூப்பிடும்மா'ன்னு கெஞ்சினது, நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?"