வேலு ஏறிய ஜீப்

"சார், முடிச்சிட்டேன்!"

போன வாரம் போனில் வேலு கத்திய கத்தலில் என் கையிலிருந்த காபி தளும்பிவிட்டது.

வேலு யார்? திருப்பத்தூரிலிருந்து மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டியவர்; அவர் வண்டியில் போய் வந்துதான் எனக்குப் பழக்கம். கஞ்சாவால் அந்த வேலையைப் பறிகொடுத்தவர். "சிகிச்சையை முழுசா முடிச்சிட்டு வா, சாவி தர்றேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். மனைவி ராணியோ, "இந்தத் தடவையும் பாதியில வந்தா நானும் புள்ளைங்களும் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவோம்" என்று தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

ஏற்கெனவே இரண்டு தடவை மறுவாழ்வு மையத்திலிருந்து ஓடி வந்தவர் வேலு. அப்போதெல்லாம் ஜீப் ஸ்டாண்டு நண்பர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "ஐயோ, மச்சான் எளைச்சுட்டானே" என்று உருகி, டீ வாங்கிக் கொடுத்து, முன் சீட்டில் உட்காரவைத்து, பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். பாசம்தான்... என்ன செய்ய!

மூன்றாம் தடவை அவரைச் சேர்த்த கையோடு ராணி நேரே ஸ்டாண்டுக்குப் போனாராம். "அண்ணா, நீங்க பண்ற ஒத்தாசையிலதான் அவரு கெட்டுப்போறாரு" என்று எல்லோர் முன்னாலும் அழுதாராம்.

அடுத்து நடந்ததை நானே பார்த்தேன். நண்பர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்காக மலைக்குப் போக ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். வேர்த்து விறுவிறுத்து ஒருவர் ஓடி வந்து ஏறினார். வேலுதான்! மையத்திலிருந்து மறுபடியும் ஓடி வந்துவிட்டார். டிரைவர் குமார் முன் சீட்டைத் தட்டிக் காட்டினார். "ஒக்காரு மச்சான். வண்டி ரொம்பட்டும்."

ஷேர் ஜீப் நிரம்பாமல் கிளம்பாதே! நிரம்பியது. கிளம்பியது. ஆனால் மலைப் பக்கம் திரும்பவில்லை. நேராக மறுவாழ்வு மையத்து கேட்டில் போய் நின்றது.

"இன்னாடா இது?" வேலுவுக்குக் கோபம். "தூக்கமே இல்லடா. என்னால முடியலடா."

"எறங்கறதும் எறங்காததும் ஒன் இஷ்டம். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல." குமார் இன்ஜினை அணைத்துவிட்டார்.

யாராவது முணுமுணுப்பார்கள் என்று நினைத்தேன். ம்ஹூம்! மடியில் பலாப்பழத்தோடு இருந்த ஓர் அம்மா மட்டும் வாயைத் திறந்தார். "மெதுவா யோசிப்பா. நீ ஓட்டுனப்போ பயந்துகிட்டே ஒக்காந்திருந்தோம். இப்போ பயமில்லாம ஒக்காந்திருக்கோம்."

வேலு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு இறங்கினார். கூடவே மொத்த ஜீப்பும் இறங்கியது. வாட்ச்மேன் மிரண்டு போனார். "இத்தினி பேரும் அட்மிஷனா?"

வேலுவே சிரித்துவிட்டார். தூக்கமில்லை என்பதை அன்றைக்குத்தான் டாக்டரிடம் வாய் திறந்து சொன்னாராம். மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதன்பின் ராணி பார்க்கப் போகும்போதெல்லாம் கூடவே ஒரு டிரைவரும் போனார்.

சிகிச்சையை முடிக்க மன உறுதி வேண்டும் என்கிறோம். சரிதான். அது முழுக்க ஒருத்தரிடமே இருக்க வேண்டுமா என்ன? ஒரு ஜீப் ஜனம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் ஆகாதா?

"எப்படி வேலு முடிச்சீங்க? மருந்தா, கவுன்சலிங்கா?" என்று போனில் கேட்டேன்.

"எல்லாந்தாங்க சார். ஆனா முக்கியமா... ஓடிப்போறதுக்கு ஒரு பய வண்டி தரலீங்க!"