சூரியன் இல்லாத சன்செட்

எங்க வீட்டு ஹால்ல என் பெயிண்டிங் ஏறிடுச்சு மக்களே!!

(சாதாரண விஷயம் இல்ல. அந்தச் சுவருக்கு ஓனர் எங்க அத்தை, அதாவது என் மாமியார். அவங்க ஓகே சொல்லாம அங்க ஒரு ஆணி கூட இறங்காது.)

நான் வாட்டர்கலர் ஆரம்பிச்சதுல இருந்து வரைஞ்சது எல்லாமே கட்டிலுக்கு அடியிலதான் குடித்தனம். இப்போ வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சதுல ஹால் சுவரு காலியாச்சு. மெதுவா கேட்டுப் பாத்தேன்.

"பீச்ல சன்செட் வரைஞ்சு குடு, மாட்டறேன். ஆனா சூரியன் கடல்ல இறங்கணும். கன்னியாகுமரில பாத்தோமே, அந்த மாதிரி."

"அத்தை, நம்ம ஊர்ல சூரியன் கடல்ல இறங்காது. கிண்டி பக்கமா இறங்கும்!"

"கிண்டியை யாராவது ஹால்ல மாட்டுவாங்களா?"

(பாயிண்ட்டுதான்.)

சரின்னு போன சனிக்கிழமை சாயங்காலம் அவங்களையே பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். மணல்ல பக்கத்துலயே உக்கார வெச்சுட்டு பெயின்ட் டப்பாவைத் திறந்தேன்.

சூரியன் எங்களுக்குப் பின்னாடி ஃப்ளாட்ஸுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. அப்புறம்தான் மெயின் பிக்சரே!

கடல் ஓரமா வானத்துல சாம்பல் நீலம். அதுக்கு மேல ரோஸ் மில்க்ல பால் கொஞ்சம் தூக்கலா ஊத்தின மாதிரி ஒரு கலர். ஈர மணல்லயும் அதே ரோஸ். ரொம்ப நேரம் நிக்காது அது. நான் தலையே தூக்காம வரைஞ்சுட்டு இருக்கேன், சுத்தி ஒரு கூட்டமே கூடிடுச்சு.

பலூன் கடை அண்ணன்: "இன்னாக்கா, கடலு கீது, அலை கீது, சூரியன் எங்க?"

வாக்கிங் வந்த ஒரு அங்கிள்: "சன்செட்டுன்னா ஒரு சன் வேணாமாம்மா?"

கண்ணு முன்னாடி அந்த ஹால் சுவரு! உண்மையாவது ஒண்ணாவதுன்னு பிரஷ்ஷை ஆரஞ்சுல முக்கிட்டேன்.

டக்குனு அத்தை என் கையைப் பிடிச்சாங்க.

"ஏய், இரு இரு! என்ன பண்ற?"

"சூரியன் அத்தை. நீங்கதானே கேட்டீங்க?"

"அங்க இருக்கா? இல்லல்ல? அப்புறம் எதுக்கு வைக்கிற? அந்த ரோஸ் கெட்டுடும்!"

அப்படியே கடல் பக்கம் கையைக் காட்டினாங்க.

"இத்தனை வருஷமா இந்த பீச்சுக்கு வரேன். சூரியன் போனதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு செருப்பைத் தேட ஆரம்பிச்சிடுவேன். இப்படி ஒரு கலர் வரும்னு தெரியவே தெரியாதுடி."

சத்தியமா எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவ்ளோ சந்தோஷம்!

பீச் காத்துல பேப்பர் காயவே இல்ல. ஆட்டோல வீடு வரைக்கும் அத்தைதான் மடியில ஆடாம அசையாம வெச்சுட்டு வந்தாங்க. (ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் ஆட்டோ அண்ணனுக்குத் திட்டு. சாரிண்ணா!)

ஃபிரேம் போட்டு மாட்டியாச்சு. நேத்து எதிர் ஃப்ளாட் அக்கா பாக்க வந்தாங்க.

"சூப்பரா இருக்கே! ஆமா, சூரியன் எங்க?"

அத்தை செம கெத்தா, "உங்களுக்குப் பின்னாடி!"

அந்த அக்கா அப்படியே திரும்பிப் பாத்தாங்க.

அங்க எங்க மாமனார். டியூப்லைட்டுக்கு நேர் கீழ. வழுக்கை பளபளன்னு.

இன்னைக்குக் காலையில இருந்து மனுஷன் ஹால்ல மங்கி கேப்போட உக்காந்திருக்கார். இந்த வெயில்ல!!