தூங்கிப்போன சர்வர்

போன வாரம் நடந்தது.

தளவாய்புரத்துச் சித்தப்பாவுக்கு மூச்சிரைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பகலில் துணைக்கு நான். மிலிட்டரியில் இருந்தவர்... படுக்கையிலும் அதிகாரம்தான். "ஏலே, அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறை!"

தலைமாட்டில் மானிட்டர். அதில் தெரிவதெல்லாம் நர்ஸ் மேஜையிலுள்ள திரையிலும் தெரியுமாம். ஏதாவது குறைந்தால் அங்கேயும் அலாரம் அடிக்குமாம். பிறகென்ன கவலை?

திடீரென்று மானிட்டர் கத்தியது. ஆக்ஸிஜன் அளவு சரசரவென்று இறங்குகிறது. சித்தப்பாவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. இதோ வருவார்கள், இதோ வருவார்கள்... யாரும் வரவில்லை!

ஓடினேன். நர்ஸ் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"இங்க எல்லாம் நல்லாத்தானே காட்டுது சார்..."

"எதும்மா நல்லாருக்கு? அங்க மூச்சு விட முடியாமத் தவிக்காரு!"

அப்போதுதான் இருவரும் கவனித்தோம். திரையில் இதயத்துடிப்புக் கோடு அசையவே இல்லை. எப்போதோ வந்த படம், அப்படியே நிற்கிறது! நர்ஸின் முகம் வெளிறிவிட்டது. எனக்கு முன்னால் ஓடியவர் அவர்தான்.

டாக்டர் வந்தார். மாஸ்க், ஊசி... மெல்ல மெல்லச் சித்தப்பாவுக்கு மூச்சு சீரானது. கண் திறந்தார். "எங்கலே போய்த் தொலைஞ்ச?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடந்தது என்ன? அறைகளிலிருந்து வரும் தகவலை நர்ஸின் திரைக்கு அனுப்புவது ஒரு சர்வர் கம்ப்யூட்டர். ராஜபாளையத்திலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினீயர் அதைத் திறந்து பார்த்துத் திகைத்துப்போனார்.

"ஸ்லீப்புக்குப் போயிருக்கு சார்!"

ஆஸ்பத்திரி மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாந்தான் கரண்டு மிச்சமாகட்டும்னு பவர் சேவிங் போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னா தானா தூங்கிரும். யாரும் கீபோர்டைத் தொடலியே... சும்மாதானே கெடக்குன்னு நெனைச்சேன்."

சும்மாவா? யாரும் தொடாவிட்டால் வேலை இல்லை என்று அர்த்தமா? நம் வீட்டு கம்ப்யூட்டர் நமக்காக ஓடுகிறது. நாம் எழுந்து போனால் அதுவும் தூங்கலாம். சர்வர் அப்படியா? எந்த நொடியில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டும் — காத்திருப்பதுதான் அதன் உத்தியோகமே.

"அப்ப கரண்டை மிச்சமே பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தாராளமா பண்ணலாம். சர்வரோட ஸ்கிரீனை மட்டும் அணைச்சு வைங்க. வேல கம்மியா இருந்தா வேகத்தக் கொறைச்சு ஓடட்டும். தூங்க மட்டும் விட்றாதீங்க" என்றார் இன்ஜினீயர்.

நியாயம்தானே? கரண்டை மிச்சம் பிடிக்கலாம்... காவலை மிச்சம் பிடிக்க முடியுமா?