கீழ்க்கோடியில் சீனா

எழுத்துப் பிழை விடாதவள் என்ற பெயரை நான் சும்மா எடுக்கவில்லை. ரொறன்ரோவில் ஒரு நூலகத்தின் தேசப்பட அறையில் எனக்கு வேலை. நகரின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு மண்டபத்தில் பழைய தேசப்படங்களின் கண்காட்சி வைப்பதென்று முடிவானபோது, அங்கே சீனரும் தமிழரும் நிறைய இருக்கிறார்கள், ஆங்கிலத்தோடு அவர்களுடைய மொழிகளிலும் விளக்கம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். பொறுப்பாளர் அரைமனதோடு சம்மதித்தார். தமிழைச் சரிபார்க்க அவரிடம் வேறு ஆள் இல்லை. ஒரு பிழை வந்தாலும் கண்காட்சி அடுத்து விட்பி நகருக்குப் போகும்போது தமிழ் இருக்காது என்று சொல்லிவைத்தார். பிழையா, என்னிடமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கண்காட்சியின் உயிர் இரண்டு உலகப் படங்கள். இரண்டும் பிரதிகள்தான். ஒன்று ஐரோப்பாவில் அச்சானது. அதில் சீனா வலது ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். மற்றது, சீனாவுக்குப் போன இத்தாலியப் பாதிரியார் ஒருவர் அங்குள்ள அறிஞர்களோடு சேர்ந்து சீன மொழியில் செய்தது. தங்கள் நாட்டை ஓரத்தில் கண்டு அங்குள்ளவர்கள் முகம் சுளித்தார்களாம். மனிதர் கெட்டிக்காரர். உலகம் உருண்டைதானே, எங்கே வெட்டி விரித்தால் என்ன என்று அமெரிக்காவைத் தூக்கி வலது பக்கம் போட்டார். சீனா நடுப்பக்கமாக வந்துவிட்டது. தனக்குத் தெரிந்ததைக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. சீனரின் சொந்தப் படங்களைப் பார்த்துத் தன்னுடையதை நிரப்பினார். அவரைப் போன்றவர்கள் அனுப்பிய விவரங்களால் பிறகு ஐரோப்பியப் படங்களிலும் சீனா திருந்தியது.

சீன விளக்கத்தை எழுதியவர் ஹொங்கொங்கில் பிறந்த என் சக ஊழியர். அந்தக் காலத்துப் பாதிரியார்கள் எங்கள் தீவின் பெயரை எழுதிய மூன்று சீன எழுத்துகளை ஒருநாள் வாசித்துக் காட்டினார்: த்ஸ, யீ, லான். பிறகு ஆங்கிலத்தில் சிலோன் என்றான இலங்கையின் பெயர், போர்த்துக்கேயர் வாயிலிருந்து சீன எழுத்தாகி எங்கள் மேசைக்கு வந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையோடுதான் ஐரோப்பியப் படத்துக்கான வரியை எழுதினேன்: ‘இந்தப் படத்தில் சீனா கீழ்க்கோடியில் இருக்கிறது.’ கீழ் என்றால் கிழக்கு. கீழைநாடு, மேலைநாடு என்கிறோமே, அதே கீழ்தான். திசைக்குள்ளேயே மேடும் பள்ளமும் வைத்திருக்கும் மொழி வேறெங்கே இருக்கிறது என்று சக ஊழியருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெருவில் போகிறவர்களும் அதை அப்படித்தான் வாசிப்பார்களா என்று கேட்டார். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

முதல் சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் நின்றேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அம்மா ஐரோப்பியப் படத்தின் முன் குனிந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக, படத்தின் அடி விளிம்பு நெடுக விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் ஒரு சுற்றுப் போய் வந்த பின்பும் அதே இடத்தில்தான் நின்றார். கிட்டப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். மன்னார்க்காரர். இப்போது ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறார். ஒரு பாதிரிச் சுவாமியார் கீறிய உலகப் படம் இங்கே இருப்பதாக மாதா கோயிலில் சொன்னார்களாம், அதுதான் பார்க்க வந்திருக்கிறார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“சீனாவைத் தேடுறன் பிள்ளை. கீழ எண்டு போட்டிருக்கு. எனக்கு இந்த உலகப் படம் பாக்கத் தெரியாது, அதுதான் பிடிபடேல்லை.”

அவருடைய விரல் நின்ற இடத்தைப் பார்த்தேன். அந்தக் காலத்து ஐரோப்பியர் உலகத்தின் அடியில் ஒரு பெரிய தெற்குக் கண்டத்தைக் கீறிவைப்பார்கள். யாரும் கண்டதில்லை. இருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையில் கீறியது. இல்லாத அந்த ஊரில் இந்த அம்மாவை இவ்வளவு நேரம் அலையவிட்டது என்னுடைய நல்ல தமிழ். பக்கத்தில் ஆங்கிலமும் சீனமும் இருந்தன. அவரால் வாசிக்க முடிந்தது என் வரியை மட்டும்தான்.

“பிழை என்ரை, அன்ரி. நான் கீழ எண்டு எழுதினது கிழக்கை” என்றேன். அவர் நம்பவில்லை.

“நீங்கள் படிச்ச பிள்ளையள். நீங்கள் பிழை விடுவியளே?”

கையைப் பிடித்து வலது ஓரத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். தலையாட்டினார். ஆனாலும் தனக்குத்தான் விளங்கவில்லை என்ற முகத்தோடே போனார்.

பேசாமல் இருந்திருக்கலாம். வேறு யாரும் முறையிடவில்லை. பொறுப்பாளருக்குத் தமிழ் வாசிக்கவும் தெரியாது. ஆனாலும் அந்த அம்மாவின் முகம் என்னை விடவில்லை. திங்கள் காலை போய், பிழை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். தமிழை எடுத்துவிடலாமா என்றுதான் அவர் முதலில் கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பாதிரியார் தன் படத்தை எத்தனை தரம் திருத்தித் திரும்பச் செய்தார், முதல் பிழையோடு அவரை நிறுத்தச் சொல்லியிருந்தால் சுவரில் தொங்கவிட உங்களிடம் என்ன இருந்திருக்கும் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் யோசித்துவிட்டு, திருத்தி ஒட்டுங்கள், விட்பிக்குப் போக முன் மற்ற வரிகளை இன்னொருவர் வாசிக்கட்டும் என்றார். இன்னொருவர் என்றது சுட்டது. சரி என்றேன்.

‘சீனா படத்தின் கிழக்கு ஓரத்தில், உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறது.’ இப்படிப் புது வரி எழுதிப் பழையதன் மேல் ஒட்டினேன். ஒட்டியது பளிச்சென்று தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா கணவரோடு வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றதைக் காணவில்லை. புது வரியை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார், ஒட்டிய தாளின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கணவரிடம் சொன்னார்.

“இஞ்சை பாருங்கோ, மாத்தியிருக்கினம். அண்டைக்கு நான் தேடினதில பிழை இல்லை.”